ஐம்பத்தாறு நொடி

குரோனோவின் முள் ஐம்பத்தாறில் நின்றபோது யாரும் கத்தவில்லை.

பங்குனி மாதத்துக் காலை. புதுச்சேரி வைத்திக்குப்பத்துக்கு நேரே, அலை உடையும் இடத்தைத் தாண்டி, இரண்டு கட்டுமரங்கள் நங்கூரக் கல் இறக்கி நின்றன. நடுவில் மிதவைக் கட்டைகள் கோத்த கயிறு. தெற்குக் கட்டுமரத்தில் நின்ற கன்னியப்பன் வெள்ளைத் துண்டை வீசியதும் தேசிங்கு தண்ணீரில் பாய்ந்தான். வடக்குக் கட்டுமரத்தில் முசியே அமலோரும் நானும் முழங்கால் நனைய உட்கார்ந்திருந்தோம்.

தேசிங்கின் கை எங்கள் மரத்தில் பட்டது. முசியே குரோனோவை, கையிலிருந்த நிறுத்து கடிகாரத்தை, அழுத்தினார். அதைக் காதில் வைத்துப் பார்த்தார். பிறகு என்னிடம் நீட்டினார். அந்த நாளில் நூறு மீட்டர் நீச்சலின் உலகச் சாதனை ஐம்பத்துநாலு புள்ளி ஆறு.

"முசியே, எவ்ளோ?" என்றான் தேசிங்கு, மூச்சு வாங்கிக்கொண்டே.

முசியே சிலுவைக் குறி போட்டுக்கொண்டார்.

சற்று நேரத்தில் கன்னியப்பன் கல்லைத் தூக்கிக்கொண்டு எங்களிடம் வந்து சேர்ந்தான். கட்டுமரத்தின் மேல் நிமிர்ந்து நின்றபடி வந்தான். துடுப்பு அவன் காலடியில் கிடந்தது. "நூறு மீட்டரு நீந்தி என்னா மீனு புடிக்கிறது முசியே?" என்று கேட்டான். அதற்குத்தான் எல்லாரும் சிரித்தோம்.

இவ்வளவும் நான் கண்ணால் கண்டது. எழுதியதும் நான்தான். எழுதியதில் எது தவறு என்பதற்கு வரும் முன், அந்தக் குரோனோவைப் பற்றியும் ஒரு கரும்பலகையைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

கரும்பலகை

கடலுக்குள் நீண்டிருந்த பழைய கப்பல் பாலம் புயலில் போன பிறகு கப்பல்கள் கரையிலிருந்து தள்ளியே நின்றன, சரக்கும் தபாலும் சலங்கு என்ற படகுகளில் ஏறிக் கரைக்கு வந்தன என்று இந்தத் தொடரில் சில வாரங்களுக்கு முன் எழுதியிருந்தேன். அந்தத் தபாலில் பிரெஞ்சு விளையாட்டுப் பத்திரிகைகளும் வரும். ஒரு மாதப் பழசு. சில சமயம் இரண்டு மாதம். பிரிக்கும்போது ஈர வாடை அடிக்கும்.

அவற்றுக்காகக் காத்திருந்த ஒரே ஆள் முசியே அமலோர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து திரும்பியவர், அதனால் ஊருக்கு அவர் 'முசியே', பிரெஞ்சில் 'ஐயா'. பிரான்சில் துலோன் துறைமுகத்தில் இருந்தபோது அங்கிருந்த பிசீனில், அதாவது நீச்சல்குளத்தில், முறையாக நீந்தக் கற்றவர். எங்கள் ஊரில் குளம் கட்டி நீந்துவது ஒரு விளையாட்டு என்று நம்பிய சிலரில் முதலாமவர்.

கடற்கரைக்குப் பக்கத்துத் தெரு ஒன்றில் ஒரு சிறிய விளையாட்டுக் கழகம் இருந்தது. சுவரில் ஒரு கரும்பலகை. அதில் ஆண்களுக்கான ஃப்ரீஸ்டைல் நீச்சலின் உலகச் சாதனைகள்: நூறு மீட்டர், இருநூறு, நானூறு, ஆயிரத்து ஐந்நூறு. பத்திரிகை வந்ததும் முசியே சாக்கட்டியோடு பலகை முன் நிற்பார். பழைய எண்ணை அழிப்பார். கையை உதறிவிட்டுப் புதியதை எழுதுவார்.

ஐம்பத்துநாலு நவம்பரில் கொடி மாறியது. கழகத்தின் வெள்ளைக்கார உறுப்பினர்கள் ஒவ்வொருவராகக் கப்பல் ஏறினார்கள். பில்லியர்ட்ஸ் மேசை விலைபோனது. பலகை மட்டும் இருந்தது.

நான் அப்போது சென்னை நாளேடு ஒன்றுக்குப் பகுதிநேர நிருபர். செய்தி கிடைக்காத நாள்களில் கழகத்துக்குப் போய் அந்தப் பலகையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நூறு மீட்டரை ஒரு நிமிடத்துக்குள் முதலில் நீந்தியவர் ஓர் அமெரிக்கர். முதல் உலகப் போர் முடிந்து சில ஆண்டுகளில். அதற்குப் பிறகு முப்பது ஆண்டுகளுக்கு மேல் மனிதர்கள் முயன்று குறைத்தது நாலு நொடிக்கும் குறைவு. இரண்டாம் போருக்குப் பின் சில மாதங்கள் அது ஒரு பிரெஞ்சுக்காரரின் கையில் இருந்தது. அந்த மாதங்களைப் பற்றிச் சொல்லும்போது முசியே எழுந்து நிற்பார்.

ஒரு நாள் அவர் செய்தது எனக்குப் புரியவில்லை. நூறு மீட்டருக்கு எதிரே இருந்த ஐம்பத்துநாலு புள்ளி எட்டை அழித்துவிட்டு, ஐம்பத்தைந்து புள்ளி நாலு என்று எழுதினார்.

"என்னா முசியே, கூடிப்போச்சு?"

"சட்டம் மாறிப்போச்சு. இனிமே அம்பது மீட்டர் பிசீன்ல நீந்துனாத்தான் கணக்கு. சின்ன பிசீன்ல அடிக்கடி திரும்பணும். திரும்பறப்ப சுவத்த எட்டி ஒதைக்கிறான் பாரு, அந்த ஒதை அவனத் தள்ளுது. நீந்துனது அவன் பாதி, சுவரு பாதி."

அமெரிக்கரின் எண் போய் ஓர் ஆஸ்திரேலியரின் எண் வந்தது அப்படித்தான். இன்னொரு ஆஸ்திரேலியர் அதை ஐம்பத்துநாலு புள்ளி ஆறுக்குக் கொண்டுவந்த செய்தி அடுத்து வந்த ஒரு கப்பலில் வந்தது.

சுவர் தள்ளுவதைக்கூடக் கழித்துப் பார்க்கிற மனிதர் அவர். அதனால்தான் அவருடைய குரோனோவை நான் நம்பினேன்.

நிலத்தில் ஒரு வேலை

தேசிங்குக்கு அப்போது இருபத்துமூன்று வயதிருக்கும். வைத்திக்குப்பத்துக் கட்டுமரக்காரன். உயரம் அதிகம் இல்லை, தோள் அகலம். கழகம் ஒரு மாதா திருவிழாவையொட்டி நடத்திய கடல் நீச்சலில் மற்றவர்கள் பாதி வழியில் இருக்கும்போது அவன் கரையேறி வேட்டி கட்டிக்கொண்டிருந்தான். அன்றிலிருந்து முசியே அவனை விடவில்லை. மீன்பாடு முடிந்த காலைகளில், தலையை எப்படித் தண்ணீருக்குள் வைப்பது என்று சொல்லிக்கொடுப்பார்.

"தலைய உள்ள வச்சா அலை வரது எப்பிடித் தெரியும் முசியே?" என்பான் தேசிங்கு. தலையைத் தூக்கியேதான் நீந்துவான்.

அவனுக்குச் சாதனையில் அக்கறை கிடையாது. அவன் மனைவி அஞ்சலைக்கு அவன் கடலுக்குப் போவதை நிறுத்த வேண்டும் என்பது அக்கறை. பாலத்தை உடைத்த புயலில் அவள் அப்பா போயிருந்தார். உடல் கிடைக்கவில்லை. அவள் கடற்கரையிலேயே கூடை வைத்து மீன் விற்றாள். ஆனால் கடலுக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவாள்.

அந்தச் சமயத்தில் புதிய பாலத்து வேலை தொடங்கியிருந்தது. கடலுக்குள் தூண் இறக்குகிற இடத்தில் ஆள் விழுந்தால் தூக்க, நீந்தத் தெரிந்த ஒருவர் வேண்டும். பாலம் முடிந்த பிறகும் வேலை தொடரும் என்று பேச்சு. ஆனால் குப்பத்தில் எல்லாருக்கும் நீந்தத் தெரியும். யாரை எடுப்பது? சென்னை நீச்சல்காரர்களின் பயிற்சியில் சேர்ந்த சான்றிதழ் ஒன்று கொண்டுவந்தால் தேசிங்கையே வைத்துக்கொள்வதாக அங்கிருந்த அதிகாரி முசியேவிடம் சொல்லியிருந்தார்.

அந்தக் காகிதத்துக்காகத்தான், சென்னைக்குக் காட்ட ஒரு நேரம் வேண்டும் என்று, பங்குனி மாதத்துக் கயிறு. கழகத்தின் இரும்பு நாடாவை வைத்து மணலில் அதை அளந்தோம். முசியே ஒரு முனையிலிருந்து அளந்தார். நான் மறுமுனையிலிருந்து திரும்ப அளந்தேன். நூறு மீட்டர். விரற்கடை கூடக் குறைய இல்லை. கடலில் அதைப் போடுகிற வேலையைக் குப்பத்துக்காரர்களிடம் விட்டோம்.

அன்று மாலையே செய்தி எழுதி அனுப்பினேன். "உலகச் சாதனைக்கு ஒன்றரை நொடி தொலைவில் புதுவை மீனவர்." மூன்றாம் பக்கத்தில், கட்டம் கட்டி, என் பெயரோடு வந்தது. என் பெயர் அச்சில் வந்தது அதுதான் முதல் தடவை. ஆசிரியர் குழுவிலிருந்து ஒரு கடிதமும் வந்தது. தலைமை அலுவலகத்தில் ஓர் இடம் காலியாக இருக்கிறது, நேரில் வந்து பார்க்கவும் என்று.

பத்து நாளில் முசியேவுக்கும் சென்னையிலிருந்து ஒரு கடிதம். தேர்வு நீச்சலுக்குத் தேசிங்கை அழைத்து வரச் சொல்லி.

அஞ்சலை சொன்னது

அந்தக் கடிதத்தைக் காட்ட நான்தான் குப்பத்துக்குப் போனேன். தேசிங்கு கடலில் இருந்தான். அஞ்சலை கூடையில் கவளை மீனைக் கொட்டிப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க பேப்பர்காரரே. இன்னும் எத்தினி நாளைக்கி எங்க வூட்டு ஆம்பளயப் பேப்பருல போட்டுக் காட்டிக்கினே இருப்பீங்க? சான்றிதழு எப்ப வரும்?"

கடிதத்தைப் படித்துக் காட்டினேன். அவள் கை நின்றது. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அந்தத் தாளை ஒரு தடவை தொட்டுப் பார்த்தாள்.

"ஜெயிச்சிடுவாரா?"

"அன்னிக்கி நீந்தின மாதிரி நீந்தினாப் போதும்."

"அன்னிக்கி நல்ல நேரம். நீவாடு வடக்கால அப்பிடி இழுத்துச்சு. என் தம்பி கன்னியப்பன் துடுப்பே போடலயாம். கல்லத் தூக்குனதும் மரம் தானா உங்ககிட்ட வந்து நின்னுச்சாம்."

நீவாடு என்றால் கடலுக்குள் ஓடும் நீரோட்டம். அந்த மாதங்களில் எங்கள் கடலில் அது தெற்கிலிருந்து வடக்கே ஓடும். குப்பத்துக்காரர்கள் கயிற்றை வலை போடுவதுபோலவே போட்டிருந்தார்கள். முதலில் ஒரு கல்லை இறக்கி, கயிற்றை நீவாட்டின் போக்கில் விட்டு, அது தானாக நீண்டு நிமிர்ந்த இடத்தில் இரண்டாவது கல்லை இறக்கினார்கள். கயிறு போட அவர்களுக்குத் தெரிந்த வழி அதுதான். தேசிங்கு நீந்திய தண்ணீரும் அவனோடு வடக்கே போய்க்கொண்டிருந்தது.

அதை யாரும் மறைக்கவில்லை. ஓடாத கடலை அவர்கள் பார்த்ததில்லை, அதனால் சொல்லத் தோன்றவில்லை. முசியே நீந்தக் கற்றது குளத்தில், அதனால் கேட்கத் தோன்றவில்லை. நான் அந்த ஊரில் பிறந்தவன். துடுப்பைக் காலடியில் போட்டுவிட்டு நின்றபடி வந்த ஆளைக் கண்ணால் பார்த்தவன்.

"என்னா, மூஞ்சி ஒரு மாதிரி போச்சு?" என்றாள் அஞ்சலை.

"ஒண்ணுமில்ல, வெயில்" என்றேன்.

வீட்டுக்கு வந்து, ஒரு திருத்தம் எழுத உட்கார்ந்தேன். எழுதினால் தலைமை அலுவலகத்து இடம் போகும். அதை அப்படியே எனக்கு நான் சொல்லிக்கொள்ளவில்லை. குளத்தில் நீந்தினால் உண்மை தானாகத் தெரிந்துவிடும், நடுவில் நான் எதற்கு என்று சொல்லிக்கொண்டேன். தாளை மடித்து வைத்துவிட்டேன். முசியேவிடமும் சொல்லவில்லை.

நிற்கிற தண்ணீர்

முசியேவுக்குக் காய்ச்சல். தேசிங்கை நான் அழைத்துப் போனேன். விழுப்புரத்தில் வண்டி மாறி ஜன்னலோரம் உட்கார்ந்தோம். புதுச் சட்டை அவன் தோளில் இறுக்கிப் பிடித்தது.

"சார், அந்தக் கொளத்துல உப்பு இருக்குமா?"

"இருக்காது."

"அப்ப ஒடம்பு கொஞ்சம் முழுகும். பரவால்ல." சட்டையின் தோளை இழுத்துவிட்டுக்கொண்டான். "அஞ்சல இப்பவே குப்பம் முச்சூடும் சொல்லிட்டா சார். நான் நெலத்து வேலைக்குப் போறேன்னு. என் பங்கு மரத்துக்கு வேற ஆளு பாத்துக்கச் சொல்லிட்டா."

செங்கல்பட்டு ஏரி வருவதற்குள் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். ஏரி வந்தது. இருவரும் அதைப் பார்த்தோம்.

குளம் நீலமாக இருந்தது. அடியில் கோடுகள் தெரிந்தன. மருந்து வாடை. மற்ற பையன்கள் கல்லூரி மாணவர்கள். தேசிங்கு விளிம்பில் குந்தி, கையைத் தண்ணீரில் விட்டுச் சிறிது நேரம் வைத்திருந்தான்.

"எந்தப் பக்கம் சார் இழுக்குது?"

"இழுக்காது. நிக்குற தண்ணி."

அவன் கையை எடுக்கவில்லை. என்னைப் பார்த்தான். அவனுக்கு அந்த இடத்திலேயே புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். எழுந்து போய் வரிசையில் நின்றான்.

வராத அலைக்காகத் தலையைத் தூக்கி நீந்தினான். ஐம்பது மீட்டர் முடிந்து சுவர் வந்ததும் அதைத் தொட்டு, நின்று, திரும்பினான். மற்றவர்கள் உதைத்துக் கிளம்பினார்கள். அப்படியும் ஆறு பேரில் மூன்றாவதாக வந்தான். அறுபத்தேழு நொடி.

நால்வரைப் பயிற்சிக்கு எடுப்பதாக இருந்தது. பட்டியல் படித்தபோது மூன்று பெயர்கள்தான் இருந்தன. தேசிங்கின் பெயர் இல்லை.

தேர்வாளர்களில் ஒருவரிடம் போய்க் கேட்டேன். கண்ணாடி போட்ட, அமைதியான மனிதர்.

"நீங்கதான் எழுதினவரா? சார், முறையா கத்துக்கொடுக்க ஆளில்லாம, திரும்பத் தெரியாம, அறுபத்தேழு வந்திருக்கார். பேப்பரை நான் பார்க்காம இருந்திருந்தா முதல் பேரா அவரைத்தான் எழுதியிருப்பேன். ஐம்பத்தாறுன்னு போட்டுட்டு வந்தா என்ன நினைக்கிறது? ஆரம்பத்திலேயே பொய்யோட வர ஆளை எப்படிச் சேர்க்கிறது?"

"அவர் பொய் சொல்லல. நீரோட்டம்..."

"அதை அப்பவே எழுதியிருக்கலாமே?"

வீட்டில் மடித்து வைத்த தாள் நினைவுக்கு வந்தது.

தேசிங்கு சட்டை மாட்டிக்கொண்டு வந்தான். "என்னா சார் சொல்றாங்க?"

சொன்னேன். அறுபத்தேழே போதுமாக இருந்தது என்பதையும் சொன்னேன். அதையாவது மறைக்கக் கூடாது என்று தோன்றியது.

அவன் சட்டைப் பொத்தானைப் போட்டான். கழற்றினான். மறுபடி போட்டான். "வண்டி எத்தினி மணிக்கி சார்?" என்றான்.

நாலு வரி

ஊர் திரும்பியதும் முசியேவிடம் எல்லாம் சொன்னேன். எனக்கு முன்கூட்டியே தெரியும் என்பதைத் தவிர. காய்ச்சல் தீர்ந்து மெலிந்திருந்தார். சுவரைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டார்.

"நாடாவ ரெண்டு தரம் பாத்தேன். குரோனோவ மூணு தரம் பாத்தேன். தண்ணி ஓடுதா நிக்குதான்னு பாக்கல. தப்பு என்னுது. நீ சின்ன ஆளு, மனசுல வச்சுக்காத" என்றார்.

அதற்குப் பிறகு அவர் பலகையில் எதையும் எழுதவில்லை. சில ஆண்டுகள் கழித்து ஒரு பிரேசில்காரர் நூறு மீட்டரை ஐம்பத்துமூன்று புள்ளி ஆறில் நீந்தினார். செய்தி எனக்குத் தந்தியில் வந்தது. கழகத்துப் பலகையில் அப்போதும் ஐம்பத்துநாலு புள்ளி ஆறுதான் இருந்தது.

சென்னையிலிருந்து திரும்பியதும் நான் எழுதி அனுப்பிய திருத்தம் ஒரு வாரம் கழித்து வந்தது. நாலு வரி. உள்பக்கத்தில், ஏல அறிவிப்புகளுக்குக் கீழே. தலைமை அலுவலகத்து இடம் வேறொருவருக்குப் போனது. நான் அங்கே போய்ச் சேர இன்னும் மூன்று ஆண்டுகள் பிடித்தன. பாலத்து வேலைக்குச் சாரம் என்ற ஊரிலிருந்து ஓர் ஆளை எடுத்தார்கள். தேசிங்கு பழைய பங்கு மரத்துக்கே திரும்பினான். அவன் இடத்துக்கு வந்திருந்த ஆள் விலகிக்கொண்டதால் இடம் கிடைத்தது.

திருத்தத்தை வெட்டி எடுத்துக்கொண்டு வைத்திக்குப்பத்துக்குப் போனேன். கட்டுமரங்கள் வெளியே போயிருந்தன. அஞ்சலை வழக்கமான இடத்தில் இல்லை. கொஞ்சம் தள்ளி, கூடையைத் திருப்பிப் போட்டு, கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"படிங்க" என்றாள்.

படித்தேன். கடல் நீரோட்டத்தின் உதவி கணக்கில் எடுத்துக்கொள்ளப்படாததால் அந்த நேரத்தைச் சாதனைகளோடு ஒப்பிட்டது சரியல்ல. நீந்தியவர் மீது இதில் எந்தத் தவறும் இல்லை.

"இத்த அந்த மெட்ராசுக்காரங்க படிப்பாங்களா?"

"படிக்கலாம்."

"படிச்சா மறுபடியும் கூப்புடுவாங்களா?"

"மாட்டாங்க. இந்த வருசத்துக்கு முடிஞ்சுபோச்சு."

"அடுத்த வருசம்?"

"தெரியல."

அவள் மீனைத் திருப்பிப் போட்டாள். ஈ பறந்து மறுபடி உட்கார்ந்தது.

"அன்னிக்கி நான் நீவாடுன்னு சொன்னப்பவே உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு, இல்ல?"

"ஆமாம்."

"வெயிலுன்னு சொன்னீங்க."

"ஆமாம்."

"அவருகிட்ட இத்த நான் சொல்லல. சொல்லவும் மாட்டேன். உங்கள நல்ல மனுசன்னு நெனச்சிக்கினு இருக்காரு, இருந்துட்டுப் போவட்டும்." அவள் கண் என் கையிலிருந்த துண்டுக் காகிதத்துக்கு வந்தது. "அப்ப இத்த யாருக்காகப் போட்டீங்க?"

நான் நின்றுகொண்டிருந்தேன். என் நிழல் கூடை மேல் விழுந்திருந்தது. பின்னால் யாரோ பெண்கள் விலை கேட்டபடி வந்துகொண்டிருந்தார்கள்.

"தள்ளி நில்லுங்க சார்" என்றாள். "கிராக்கி வராங்க."